ஓடையில் மீன் குறைந்தால் ஆலைதான் காரணம் என்று ஆய்வாளர்கள் எப்படி உறுதிசெய்கிறார்கள்?

முதுகலை படிக்கும்போது இதே கேள்வியோடு ஓராண்டு ஓடைக்குள் இறங்கி நின்றவன் என்பதால் எழுதுகிறேன். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் விடை வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். இரவில் திறந்துவிட்ட கழிவு, காலையில் நாம் பாட்டிலோடு போவதற்குள் கடந்து போயிருக்கும். நீர்ப்பூச்சிகள் எங்கும் போவதில்லை. மாதக்கணக்கில் அதே கல்லுக்கடியில் கிடந்து எல்லாவற்றையும் அனுபவிக்கின்றன.

அதனால் மீனை விட்டுவிட்டு அவற்றைத்தான் பிடித்துப் பார்த்தோம். நீரோட்டத்துக்கு எதிரே வலையைப் பிடித்து, அதற்கு முன்னால் அடிப்பரப்பைக் காலால் கிளற வேண்டும். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் சேறும் சருகும்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் தட்டு அசையத் தொடங்கும். ஆலைக்கு மேலே எடுத்த தட்டில் மேஃப்ளை (mayfly) என்ற பூச்சியின் மூன்று வால் கொண்ட இளம்பூச்சிகள், வயிற்றோரச் செவுள்கள் படபடக்க ஓடின. கீழே எடுத்ததில் சிவப்பு ரத்தப்புழுக்கள் மட்டும். அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் உண்டு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும்.

சரி, முடிந்தது என்று படங்களோடு போனேன். நெறியாளர் கேட்டது ஒன்றுதான்: "மேலே அடியில் கல்லா? கீழேயும் கல்லா?" மேலே நிழலும் கல்லும், கீழே வெயிலும் சேறும். ஆலையே இல்லாவிட்டாலும் பூச்சிகள் வேறாகத்தான் இருந்திருக்கும். இரண்டு மாத உழைப்பு போச்சு.

அப்புறம் அதே வெயிலும் சேறும் உள்ள, ஆலை இல்லாத மூன்று ஓடைகளைத் தேடிப் பிடித்தோம். அவற்றிலும் ரத்தப்புழு இருந்தது, ஆனால் கூடவே வேறு பூச்சிகளும் இருந்தன. ஆலையின் பங்கு உண்டு, நான் முதலில் நினைத்த அளவுக்கு இல்லை. ஆலை வருவதற்கு முந்தைய கணக்கு இருந்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கலாம். அது பெரும்பாலும் கிடைக்காது. ஆலை வரும் முன்னே யார் போய்ப் புழு எண்ணி வைப்பார்கள்?

பாதிப்பு சுற்றி வளைத்தும் வரும். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தினர், ஹர்யாவால்டா தாமிர உருக்காலையைச் சுற்றிக் கூட்டுப்பெட்டிகள் மாட்டிக் குருவிகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஆலைக்கு அருகே முட்டை ஓடு மெலிந்திருந்தது. உலோக நஞ்சு என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் முக்கியமாகக் கை காட்டியது நத்தையை: அங்கே நத்தைகள் அருகிவிட்டதால் குருவிக்குக் கால்சியம் கிடைக்கவில்லை.

இப்படியொரு அறிக்கை கையில் கிடைத்தால், ஒப்பீட்டு இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பத்தியைத்தான் நான் முதலில் தேடுவேன். ஒரே ஒரு இடத்தோடு ஒப்பிட்டிருந்தால், அடியில் கல்லா சேறா என்று கேட்காமல் விடமாட்டேன்.