பைபாஸ் முடிந்து பத்தாம் நாள் சுகர் 62

அம்மாவுக்கு இரைப்பை பைபாஸ் (எடை குறைக்கும் அறுவை சிகிச்சை) ஆகிப் பத்து நாளில் சுகர் 62, கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையை இன்னும் கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கேட்காமல் அடுத்த கிளிமிபிரைடு வேண்டாம்.

எடை குறையும் முன்பே சுகர் இறங்குவது இதில் வழக்கம்தான். சாப்பாடு குறைவு, அதோடு உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோன் கூடுகிறது. கிளிமிபிரைடோ, சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஆபத்து அங்கேதான்.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையும் எடுக்கிறார் என்றால், அது பெரும்பாலும் தொடரும். மெதுவாகக் கரையும் வகை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். எழுந்தால் தலை சுற்றுகிறதா? பிரஷர் மாத்திரையும் குறைய வேண்டியிருக்கலாம்.