பத்துக்குப் பத்து அறையில் கிற்றாரும் குரலும்: கேள்வி பதில்

வீட்டில் கிற்றார் வாசித்துப் பாடி ஒலிப்பதிவு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

உருத்திரபுரம்: அண்ணை, வீட்டுத்திட்ட வீடு, பத்துக்குப் பத்து அறை. பூசின சுவர், சீமெந்துத் தரை. கிற்றார் அடிச்சால் வாளிக்குள்ள இருந்து வாற மாதிரிக் கேக்குது. ஏ கோர்ட் மட்டும் கும் எண்டு இடிக்குது. முட்டை ட்ரே ஒட்டினால் சரிவருமோ?

வேண்டாம் தம்பி. முட்டை ட்ரே மெல்லிய காகித மட்டை. மேல் ஒலியைக் கொஞ்சம் கலைக்கும், கும்மென்ற இடியை அது தொடாது. அதோடு தீப்பிடித்தால் சுவர் முழுக்க எரியும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு பிரச்சினை. வாளிச் சத்தம் வெறுஞ்சுவர்களின் எதிரொலி. அறை நடுவில் நின்று ஒருக்கால் கை தட்டுங்கோ, 'ட்ர்ர்' என்று ஒரு வால் கேட்கும். ஏ கோர்ட் இடிப்பதற்குக் காரணம் அறையின் அளவு. 10 அடி என்றால் 3.05 மீற்றர். எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். அதை, ஒலி சுவருக்குப் போய்த் திரும்பும் தூரமான 6.1 மீற்றரால் பிரித்தால் 57. ஆக 57 ஹேர்ட்ஸும் (செக்கனுக்கு 57 அதிர்வு) அதன் இரட்டிப்பான 115 ஹேர்ட்ஸும் இந்த அறையில் தானாக வீங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்க வீக்கமும் ஒரே இடத்தில் சேருது. ஏ கோர்ட்டின் அடித்தொனியான கிற்றாரின் ஐந்தாம் கம்பி 110 ஹேர்ட்ஸ். கிற்றார்ப் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் 100 ஹேர்ட்ஸ் அளவில்தான் அதிரும். மூன்றும் கிட்டக்கிட்ட நிற்கும்போது இடிக்காமல் என்ன செய்யும்?

முதலில் இருக்கிற இடத்தை மாற்றுங்கோ. அறையின் நட்ட நடுவும் சுவரோரமும் 115 ஹேர்ட்ஸ் கூடுதலாகக் கேட்கும் இடங்கள். சுவரிலிருந்து இரண்டரை அடியில் அது மிக மெலிந்திருக்கும். அருகருகான இரண்டு சுவர்களிலிருந்தும் இரண்டரை, மூன்று அடி தள்ளி மைக் வரும்படி வையுங்கோ. அடுத்தது, உங்கள் முதுகுப் பக்கச் சுவரில் ஒரு தும்பு மெத்தையை, சுவரோடு ஒட்டாமல் நாலு அங்குல இடைவெளி விட்டு நிறுத்துங்கோ. கார்டியொய்ட் மைக் தன் பின்புறத்தைக் குறைவாகத்தான் கேட்கும். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரை. ஆனபடியால் மெத்தை அங்கேதான் வேணும். தரையில் பாயும் அதன்மேல் ஒரு தடித்த போர்வையும் போதும். நெல் மூட்டை அடுக்கின அறை இருந்தால் அதையும் கை தட்டிப் பாருங்கோ, வெறும் அறையைவிட நல்லாக இருக்கும்.

வவுனியா: கிற்றாருக்கு மைக்கை எங்கே வைப்பது? ஓட்டைக்கு நேரே வைத்தால் சத்தம் கூட வருகிறதே?

கூட வருவது பெட்டிக் காற்றின் இரைச்சல். 12ஆம் பிரெற்றுக்கு (கழுத்தில் உள்ள உலோகக் கோடு) நேரே, 20 முதல் 25 சென்ரிமீற்றர் தள்ளி, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்க்க வையுங்கோ. அங்கே கம்பியின் மினுக்கமும் மரத்தின் சூடும் சேர்ந்து வரும். வேறு ஒருவரை வாசிக்கவிட்டு, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மைக்கை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்கோ. ஓட்டைப் பக்கம் இரண்டு விரல் போனாலே அடித்தொனி தடிப்பது தெரியும். ஈகியூவில் (ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அரை மணித்தியாலம் தேடுவது இந்த இரண்டு விரலுக்குள் இருக்கும்.

கம்பி கறுத்துப்போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கோ. வியர்வை ஊறின பழைய கம்பிக்கு எந்த மைக்கும் மினுக்கம் தராது.

புதுக்குடியிருப்பு: ஒரு 'ம்ம்' சத்தம் விடாமல் வருது. இன்டர்பேஸ் (மைக்கை லப்டொப்போடு இணைக்கிற பெட்டி) பழுதோ?

பெரும்பாலும் இல்லை. லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓடவிடுங்கோ. சத்தம் நின்றால் அது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். எல்லாவற்றையும் ஒரே மல்ரி பிளக்கில் குத்துங்கோ. அதற்கும் போகாவிட்டால் வீட்டின் ஏர்த்தைப் பார்க்கவேணும். ஆடி, ஆவணியில் எங்கள் மண் காய்ந்து வெடிக்கும்போது ஏர்த் கம்பி புதைந்த இடமும் காய்ந்து, அதன் தடை ஏறிவிடும். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு அளந்து பாருங்கோ. சத்தம் போகுதென்று பிளக்கின் ஏர்த் பின்னை மட்டும் ஒருக்காலும் கழற்றாதையுங்கோ. உயிருக்கு ஆபத்து.

'ம்ம்' இல்லாமல் 'ஸ்ஸீ' என்று மெல்லிய சத்தமாக இருந்தால் எல்.ஈ.டி. பல்ப், சோலர் இன்வேர்ட்டர், பக்கத்தில் கிடக்கும் போன் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கோ.

மல்லாவி: அண்ணா, நான் வாசித்துக்கொண்டேதான் பாடுவேன். தனித்தனியாகப் பதிந்தால் உயிர் போயிடுது. இரண்டு மைக் இருக்கு.

அப்படியே சேர்த்துப் பாடுங்கோ தங்கச்சி, உயிர்தான் முக்கியம். குரல் மைக்கை வாய்க்குக் கொஞ்சம் கீழே, 15 சென்ரிமீற்றரில், அதன் முதுகு கிற்றாரைப் பார்க்கும்படி சரியுங்கோ. கிற்றார் மைக்கை இடுப்பளவில் வைத்து, முகத்தை விட்டுக் கீழ்நோக்கித் திருப்புங்கோ. இரண்டு மைக்குக்கும் இடைவெளி, ஒரு மைக் தன் ஒலியிலிருந்து நிற்கும் தூரத்தின் மூன்று மடங்காவது வரட்டும். பிறகு மிக்ஸில் ஒரு மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையைத் தலைகீழாக்கும் பொத்தான்) மாற்றி மாற்றிக் கேளுங்கோ. எதில் குரல் தடிப்பாக நிற்குதோ அதை விடுங்கோ. ஒன்றில் குரல் மெலிந்து மூக்கால் வருவது போல இருக்கும்.

சேர்த்துப் பாடும்போது ஒரு சொல் பிழைத்தால் அதை மட்டும் வெட்டி ஒட்ட ஏலாது. முழுப்பாட்டையும் நாலைந்து தரம் பாடி வையுங்கோ.

மாங்குளம்: தகரக் கூரை வீடு. எந்த நேரம் பதியலாம்?

பொழுதுபட்டவுடன் வேண்டாம். வெயிலில் விரிந்த தகரம் குளிரும்போது 'டக் டக்' என்னும். இரவு 10 மணிக்குப் பின் தகரமும் அடங்கும், ஏ9 வீதியும் ஓரளவு அடங்கும். விடியக்காலை மயில் அகவும். மாரியில் தகரத்தில் மழை விழும் நேரம் பாட்டை எழுதுங்கோ, பதிவை விடுங்கோ. ஃபானை நிறுத்தித்தான் ஆகவேணும். அந்தக் காற்றொலி எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்பதால் பிறகு வெட்டி எடுக்க வராது.

முள்ளியவளை: றீப்பர் எண்ட ஒலிப்பதிவு மென்பொருளில் மிக்ஸ் பண்ணுறன். குரல் சில இடத்தில் கிற்றாருக்குள்ள தாழுது, கூட்டினால் காதைக் குத்துது. என்ன ஈகியூ போடுறது?

ஈகியூவுக்கு முதல் பதிவின் அளவைப் பாருங்கோ. 24 பிற்றில், மிக உரத்த இடம் மீற்றரில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பதிந்திருக்கவேணும். சிவப்பைத் தொட்ட பதிவை மிக்ஸில் திருத்த முடியாது, திரும்பப் பாடுங்கோ.

அடுத்தது, கொம்ப்ரஸர் (உரத்த இடங்களைத் தானாக அமுக்கும் கருவி) போடாமல் பாட்டை ஒருக்கால் கேட்டு, தாழும் சொற்களை ஒவ்வொன்றாக 2, 3 டெசிபல் உயர்த்துங்கோ. தமிழில் வினைமுற்று வரியின் கடைசியில் வரும், மூச்சு முடிவதும் அங்கேதான். 'வந்தேன்' என்பதில் 'தேன்' விழுந்துவிடும். கேட்பவருக்குப் பொருள் போய்விடும். இதைக் கையால் செய்தால்தான் சரி. கொம்ப்ரஸரிடம் விட்டால் வரித் தொடக்கத்தை நசுக்கிவிடும்.

அதன் பிறகு கொம்ப்ரஸர்: விகிதம் 3க்கு 1, அற்றாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) 15 மில்லிசெக்கன், றிலீஸ் (விடும் நேரம்) 100 மில்லிசெக்கன், உரத்த இடத்தில் 4 டெசிபலுக்கு மேல் அமுக்கவேண்டாம். குரலில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கோ. 300 ஹேர்ட்ஸ் அளவில் 2 டெசிபல் குறைத்தால் புழுக்கம் போகும். காதைக் குத்துவது பெரும்பாலும் 'ச', 'ஸ' தான், 5 முதல் 8 கிலோஹேர்ட்ஸுக்குள். அதற்கு டீயெஸர் (அந்தச் சீறல் வரும்போது மட்டும் அமுக்கும் கருவி) போடுங்கோ, ஈகியூவால் முழுக்கக் குறைத்தால் குரல் போர்வைக்குள் போய்விடும்.

குரலைக் கூட்டுவதை விட்டு, கிற்றாரில் 3 கிலோஹேர்ட்ஸ் அளவில் 2 டெசிபல் குறையுங்கோ. சொற்கள் தெளியும் இடம் அது, குரலுக்கு வழிவிடும். ரிவேர்ப்பை (செயற்கை எதிரொலி) தனிச் சனலில் போட்டு, 30 மில்லிசெக்கன் பிரீடிலே (எதிரொலி தொடங்குமுன் வரும் இடைவெளி), ஒன்றரைச் செக்கன் வால், 250 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. ரிவேர்ப்பை நிறுத்தும்போது மட்டும் அது இருந்தது தெரியவேணும். அவ்வளவு அளவு போதும்.

அடம்பன்: யூரியூப்பில் போட்டால் மற்றப் பாட்டுகளைவிடச் சத்தம் குறைவாக இருக்கே?

மொத்த உரப்பு மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, உரப்பை அளக்கும் அலகு) அளவிலும், உச்சம் மைனஸ் 1 டெசிபலிலும் நிற்கட்டும். அதைவிட உரத்துப் போட்டால் யூரியூப் தானாகக் குறைத்துவிடும், நசுங்கினதுதான் மிச்சம். ஏற்றுமுன் போன் ஸ்பீக்கரில், ஹெட்போன் இல்லாமல், முற்றத்தில் நின்று கேளுங்கோ. பாட்டு வரி விளங்காவிட்டால் திரும்பிப்போய்க் கிற்றாரை 1 டெசிபல் குறையுங்கோ.