டிரேயை வைக்க இடம் தேடிய கதை

கேள்வி: நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் நைட் டியூட்டியில், டாக்டர் எழுதியிருந்த ஆன்டிபயாட்டிக்கை ஒரு நோயாளிக்கு ஐ.வி.யில் போட்டுக்கொண்டிருந்தேன். முன்பு ஒருமுறை அதே மருந்தை வாங்கியவர்தான், அப்போது ஒன்றும் ஆகவில்லை. பாதி போவதற்குள் "சிஸ்டர், ஒரு மாதிரி இருக்கு" என்றார். தொண்டையைத் தடவினார், மார்பெல்லாம் சிவந்தது, மூச்சு இழுத்தது. எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அப்புறம் பி.பி. மெஷினை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால், சீனியர் சிஸ்டர் மருந்தை நிறுத்திவிட்டுத் தொடையில் அட்ரினலின் போட்டுக்கொண்டிருந்தார். நோயாளி பிழைத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: லாயக்குதான் தங்கையே. ஆனால் "நீங்கள் செய்ததில் தப்பே இல்லை" என்று தட்டிக்கொடுக்கப் போவதில்லை. அது உங்களுக்கும் உதவாது, அடுத்த நோயாளிக்கும் உதவாது.

முதலில் அந்த உறைந்துபோன நொடிகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணெதிரே ஒருவர் கட்டிலில் சாய்ந்தார். என் கையில் மருந்து டிரே. அதை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் கிடந்தது, அது என் கண்ணில் படவே இல்லை. இன்றும் டிரேயைத் தூக்கும்போது சில நாள் அந்த ஞாபகம் வரும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்கலாம் என்று நம்பக் கூடாது. முதல் வேலை என்ன என்பது முன்பே கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் சீனியருக்கும் இரண்டு கைதான். மருந்து போகும்போதே சிவந்து மூச்சு இழுத்தால் முதலில் மருந்தை நிறுத்து என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் ஓடியபோது மருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்ததா என்று கடிதத்தில் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான். நரம்பு வழியாகப் போகும் மருந்துக்கு இப்படிக் கடுமையான அலர்ஜி வந்து உயிருக்கு ஆபத்தாகும்போது, இதயம் நிற்க 5 நிமிடம் போதும். பி.பி. எத்தனை இருந்தாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. மருந்து போன சில நிமிடத்தில் தோலும் மூச்சும் சேர்ந்து கெட்டால் அதுவே போதுமான சாட்சி. தோல் சிவக்காமலே சிலருக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, நோயாளியை விட்டு நகரக் கூடாது. மருந்தை மூடிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுங்கள். கத்துவதற்குக் கூச்சமே வேண்டாம், வார்டே விழித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நரம்பில் செருகியிருக்கும் கேனுலா குழாயைப் பிடுங்கிவிடாதீர்கள், சலைன் ஏற்ற அது வேண்டும். மருந்து நிறைந்த டியூபை மட்டும் மாற்றுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் காலை நீட்டி உட்காரவைக்கலாம். ஆனால் எழுந்து நிற்கவோ பாத்ரூமுக்கு நடக்கவோ விடவே கூடாது. அப்படி எழுந்து நின்ற உடனேயே இதயம் நின்றுபோனவர்கள் உண்டு.

அட்ரினலின் பெரியவர்களுக்கு 0.5 மி.கி. 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பியூல் (சின்ன மருந்துக் குப்பி) என்றால் அதில் பாதி. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கமாக, தசையில் போட வேண்டும். 5 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. கேனுலா கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதே என்று அதில் போடத் தோன்றும். வேண்டாம். நரம்பில் அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மானிட்டரோடு, பழகிய கை செய்ய வேண்டிய வேலை அது. அலர்ஜி ஊசியையும் ஸ்டீராய்டையும் முதலில் தேடும் பழக்கம் இன்னும் பல வார்டுகளில் இருக்கிறது. அவை அடைத்த தொண்டையை உடனே திறக்காது. முதலில் அட்ரினலின், மற்றதெல்லாம் அப்புறம்.

டாக்டர் வரும்முன் நர்ஸே போடலாமா என்பது ஒவ்வொரு மருத்துவமனையின் எழுத்துபூர்வமான விதியைப் பொறுத்தது. உங்கள் வார்டில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று மேட்ரனிடம் கேளுங்கள். இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் போன் எடுக்காத டியூட்டி டாக்டருக்காகக் காத்து நிற்கும்படி ஆகக் கூடாது.

டியூட்டி ஏறியதும் எமர்ஜென்சி டிராலியைத் திறந்து பாருங்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் டிராலி பூட்டியிருக்கும், சாவி யாரோ ஒருவரின் பையில் இருக்கும். ஒருநாள் அந்தப் "யாரோ" சாப்பிடப் போயிருந்தார். அதை விரிவாகச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. காலாவதியான டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பியூல்கள் கிடைத்தால் உடைத்து, அரை மி.லி. இழுத்துப் பழகுங்கள். நடுங்கும் கை கண்ணாடியில் விரலைக் கீறிக்கொள்ளும். பத்துத் தடவை பழகிய பிறகு நடுக்கம் இருக்கும், கீறல் இருக்காது.

"முன்பு ஒன்றும் ஆகவில்லை" என்று நீங்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை. 1902-ல் ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகளும் அப்படித்தான் நம்பினார்கள். கடல் உயிரியின் நஞ்சை முதல்முறை தாங்கிய நாய்க்குச் சில வாரம் கழித்து இன்னொரு முறை கொடுத்தார்கள். பழகியிருக்கும் என்று பார்த்தால் சற்று நேரத்தில் செத்துவிட்டது. இதைக் கண்டறிந்ததற்காக ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. முதல்முறை உடம்பு அந்த மருந்தை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும். வினை பெரும்பாலும் அடுத்த முறைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னபோது நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். மருந்தை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தால் அதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். மெஷினுக்கு முன்னால் நோயாளிதான் சொல்வார், அதிலும் "என்னமோ ஆகப்போகுது சிஸ்டர்" என்று பயந்து சொன்னால் நம்பிவிடுங்கள்.

அந்த சீனியரிடமே போய், "அன்றைக்கு என்ன வரிசையில் செய்தீர்கள் அக்கா?" என்று கேளுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சொல்லித் தருவார். அப்புறம் அந்த நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்து, மருந்தின் பெயரோடு அலர்ஜி என்று முகப்பில் எழுதியிருக்கிறதா பாருங்கள். அவர் கையிலும் அதை எழுதிக் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். இல்லை என்றால் அவர் வீட்டுக்கே போயிருந்தாலும் போன் போட்டுச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.