மனைவியின் ரத்தம் உங்களுக்கான பரிசோதனை ஆகாது

கேள்வி: தூத்தூர் பகுதியைச் சேர்ந்த எனக்கு வயது 31. கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகில் வேலை. ஓராண்டுக்கு முன் அங்கே ஒரு தவறான தொடர்பு ஏற்பட்டது, ஆணுறை அணியவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்காக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை வரை சென்றும், எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒருவரைக் கண்டதும் திரும்பிவிட்டேன். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்றாம் மாதம் அவளுக்கு எடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்கும் இருக்காதுதானே?

பதில்: இருக்காது என்று நான் எழுதித் தரமாட்டேன். பங்குக்காரரைக் கண்டு திரும்பியதைவிட, போகிற போக்கில் நீங்கள் சொன்ன மனைவியின் பரிசோதனைதான் என்னை உறுத்துகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நின்று கையை நீட்டி ரத்தம் கொடுத்தவள் அவள். முடிவை மட்டும் நீங்கள் உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறீர்கள். கணவனுக்குக் கிருமி இருந்தால் மனைவிக்கு அது உடனே தொற்றியே தீரும் என்பதில்லை. மூன்றாம் மாதம் இல்லாதது ஆறாம் மாதம் இருக்கலாம். அதிலும் கர்ப்பகாலத்தில் புதிதாகத் தொற்றும்போது தாயின் ரத்தத்தில் கிருமி மிகுந்திருக்கும் என்பதால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது. தான் பார்க்க அஞ்சியதை மனைவியின் உடம்பை வைத்துப் பார்த்துக்கொள்பவரைக் குடும்பத் தலைவர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சர்க்கரைக்கும் எலும்பு முறிவுக்கும் பேறுகாலத்துக்கும் ஆட்கள் வந்துபோகும் மருத்துவமனையில், நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று அந்தப் பங்குக்காரருக்கு எப்படித் தெரியும்? எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். உங்கள் நிலையை ஊருக்குச் சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. அப்படியும் ஊர்க்கண்ணுக்கு அஞ்சினால் கொச்சியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தப்பு செய்ய வழி தெரிந்தவருக்கு அரசு மருத்துவமனைக்கு வழி தெரியாமலா போகும்? கிருமி ரத்தத்தில் தெரிவதற்கான மூன்று மாதக் காலமும் என்றோ கடந்துவிட்டது.

முடிவு வரும்வரை ஆணுறை இன்றி மனைவியை நெருங்காதீர்கள். தொற்று உறுதியானால், ஆலோசகரின் துணையோடு அன்றே அவளிடம் சொல்லி, அவளுக்கும் மறுபரிசோதனை செய்யுங்கள். அவளுக்கும் இருந்தால், பிரசவத்துக்கு முன்பே மருந்து தொடங்கிப் பெரும்பாலும் பிள்ளையைக் காத்துவிடலாம். உங்களுக்கும் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். நாள் தவறாமல் உட்கொண்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு வழியே அது அவளுக்குத் தொற்றாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். அடுத்த முறை படகேறுவதற்கு முன் ரத்தம் கொடுத்துவிடுங்கள்.