பன்னீர் ரோஜாவுக்கு என்ன குறை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழி பிறந்தால் ரோஜாக் கேள்விகள் வரிசை கட்டிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரிய பெரிய பூப்பூக்கும் ஒட்டு ரகங்களைத் தள்ளி வைத்துவிட்டேன். மணத்துக்காகவே நம் பாட்டிகள் கொல்லையில் வைத்திருந்த பழைய புதர் ரோஜாக்களைப் பற்றிய கேள்விகள் மட்டும் இங்கே.

பன்னீர் ரோஜா என்று சொல்லி நர்சரியில் கொடுத்த செடியில் அடர் ரோஸ் நிறப் பூ வருகிறது. எதிர் வீட்டுப் பன்னீர் ரோஜா வெளிறிய நிறம். நான் ஏமாந்துவிட்டேனா? – தாம்பரம்

ஏமாறவில்லை. இரண்டு செடிகளை ஒரே பெயரில் விற்கிறார்கள், அவ்வளவுதான். எதிர் வீட்டில் இருப்பது டமாஸ்க் வகை. உங்களுடையது அநேகமாக எட்வர்ட் ரோஜா.

பூவை விட்டுவிட்டு இலையையும் காம்பையும் பாருங்கள். டமாஸ்க் இலை வெளிர் பச்சையாக, பளபளப்பு இல்லாமல் இருக்கும். அடிப்பக்கம் தடவினால் மெல்லிய சுணை தெரியும். தண்டில் சின்னதும் பெரியதுமாக முள் அடர்ந்திருக்கும். பூக்காம்பு குட்டை என்பதால் பூ இலைகளின் மடியில் உட்கார்ந்தது போல இருக்கும். மொட்டின் அடியை விரலில் உருட்டினால் லேசாகப் பிசுபிசுக்கும். எட்வர்டின் இலை வழவழப்பு, நிறமும் கொஞ்சம் கூடுதல். முள் குறைவுதான், ஆனால் கொக்கி மாதிரி வளைந்து சேலையைப் பிடித்துக்கொள்ளும்.

எட்வர்ட் வந்த வழி சுவாரசியமானது. இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் என்கிற தீவுக்கு முன்பு பூர்போன் என்று பெயர். அங்கே சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் சேர்த்து வேலியாக நடுவார்கள். அந்த இரண்டும் யாரும் சொல்லாமலே கலந்து பிறந்த செடி இது. 1819-ல் இதன் விதை பாரிஸுக்குப் போய், அங்கே பூர்போன் ரோஜாக்கள் என்று ஒரு பெரிய குடும்பமே உருவானது. எதுவார் என்ற பிரெஞ்சுப் பெயர்தான் நம் வாயில் எட்வர்ட் ஆனது. இங்கிலாந்து ராஜாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆக, உங்கள் செடி எதிர் வீட்டுச் செடிக்கு மகள் முறை. சீன ரோஜாவின் ரத்தம் இருப்பதால் வருடம் முழுக்க ஏதாவது பூத்துக்கொண்டே இருக்கும். சென்னை வெயிலுக்குத் தாயைவிட மகளே தேவலை.

செடி நன்றாக இருக்கிறது, பூவும் வருகிறது. வாசனைதான் இல்லை. மணம் கூட என்ன உரம் போடலாம்? – ஈரோடு

மணத்துக்கென்று உரம் கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது பாட்டில் விற்றால் நடையைக் கட்டுங்கள்.

முதலில் ரகம். ரோஜாவின் மணப்பொருள்களில் ஜெரானியால் முக்கியமானது. அதை உருவாக்கும் நொதி எது என்பதை 2015-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மணக்கும் ரகங்களின் இதழில் அந்த நொதி மும்முரமாக வேலை செய்கிறது. மணமில்லாத ரகங்களில் பேருக்குத்தான் இருக்கிறது. பூக்கடைக்காகவும் குவளைக்காகவும் உருவாக்கிய பல ரகங்களில் நீளக் காம்பையும் வாடாத இதழையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள், மணம் வழியில் கழன்றுவிட்டது. உங்கள் செடி அந்தக் கூட்டம் என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை.

பழைய ரகம்தான் என்றால், எப்போது முகர்கிறீர்கள் என்று கேட்பேன். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு மாடிக்குப் போய் முகர்ந்தால் மிச்சம் மீதிதான் இருக்கும். நாளைக் காலை சூரியன் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள். வெளி இதழ்கள் விரிந்து, நடு இன்னும் குவிந்து கிண்ணம் போல இருக்கும் பூவாகத் தேர்ந்தெடுங்கள். மூக்கை வைப்பதற்கு முன் உள்ளங்கையால் பூவைச் சுற்றிப் பொத்தி, வாயைத் திறந்து ஒரு முறை சூடாக ஊதுங்கள். அப்புறம் முகருங்கள். வட இந்தியாவின் அத்தர் ஊரான கன்னோஜிலும், பல்கேரியாவிலும் விடியற்காலையில் பூப்பறிப்பதும் இதற்காகத்தான், வெயில் ஏற ஏற எண்ணெய் காற்றோடு போய்விடும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். அப்படியிருக்க வெயிலுக்கு யார் தானம் கொடுப்பார்கள்?

அக்டோபரில் கவாத்து செய்யச் சொன்னார்கள், செய்தேன். வெட்டிய கிளையெல்லாம் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே வருகிறது. – கடலூர்

அக்டோபர் என்பது பொதுவாகச் சொல்லும் மாதம். திண்டுக்கல், மதுரைப் பக்கம் அது ஒத்துவரும். கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் பூஞ்சைக்குத் திறந்து விட்ட கதவு. நானும் ஒரு ஐப்பசியில் இதே தப்பைச் செய்து, ஆளுயரப் புதரை முழங்கால் உயரத்துக்குக் கொண்டு வந்தேன். கொண்டு வந்தது நானில்லை, கருகல் நோய்.

இப்போது செய்ய வேண்டியது: கறுத்த பகுதிக்குக் கீழே, உள்ளே வெள்ளையாக இருக்கும் இடம் வரை இறங்கி வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தால்கூட இன்னும் ஒரு அங்குலம் கீழே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைப்பது அலுப்பான வேலைதான், ஆனால் விடாதீர்கள். வெட்டில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவுங்கள். அடுத்த வருடத்திலிருந்து மழை ஓய்ந்து மார்கழியில் கத்தரியை எடுங்கள். வெட்டியதிலிருந்து 45 நாள் வாக்கில் பூ வரும். தை கடைசி, மாசிப் பனிக்குக் கணக்கு சரியாக இருக்கும்.

இன்னொன்று. ஒட்டு ரோஜாவைப் பாதிக்குப் பாதி வெட்டுகிற மாதிரி பழைய புதர்களை மொட்டையடிக்கக் கூடாது. பட்டை சாம்பல் நிறமாகி, மெலிந்த குச்சிகளே வரும் கிழட்டுத் தண்டுகள் இரண்டு மூன்றை அடியோடு எடுங்கள். ஒன்றோடொன்று உரசுவதை எடுங்கள். மீதியில் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு போதும். வெட்டு, வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும்.

எட்வர்டில் ஆறடிக்கு ஒற்றையாக எழும்பும் நீளக் குச்சி வருமே, அதைப் பார்த்ததும் பலருக்குக் கை துறுதுறுக்கும். வெட்டாதீர்கள். பச்சை மாறாமல் வளையும் பருவத்தில் மெதுவாக வளைத்து, கிடைமட்டமாகக் கொண்டு வந்து, ஒரு முளைக்குச்சியிலோ மாடிக் கம்பியிலோ துணிக் கயிற்றால் கட்டுங்கள். குச்சி நிமிர்ந்து நிற்கும்போது நுனி மொட்டுதான் அதிகாரம் செய்யும், கீழே உள்ள கணுக்கள் தூங்கும். படுக்கப் போட்டால் கணுவுக்குக் கணு ஒரு தளிர் கிளம்பி, ஒவ்வொன்றின் தலையிலும் பூ. ஒரே குச்சியில் பதினைந்து பூ எண்ணியிருக்கிறேன்.

ஏழு இலை வந்தால் காட்டு ரோஜா, கிள்ளி எறியணும் என்கிறார்களே? – விருதுநகர்

இந்த ஏழு இலைக் கணக்கால் எத்தனை நல்ல தளிர் குப்பைக்குப் போயிருக்குமோ. டமாஸ்க்கில் ஐந்தும் வரும், ஏழும் வரும். இலையை எண்ணாதீர்கள், தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். மண்ணை விலக்கினால் தண்டின் அடியில் முண்டு மாதிரி ஒட்டு தெரியும். அதற்குக் கீழிருந்து வந்தால் வேர்ச்செடியின், அதாவது வேருக்காக அடியில் வைத்த செடியின் தளிர், பிய்த்து எடுங்கள். மேலிருந்து வந்தால் உங்கள் செடி. குச்சி வைத்தோ பதியன் போட்டோ வளர்த்த செடி என்றால் ஒட்டே கிடையாது, எங்கிருந்து எது வந்தாலும் உங்களுடையதுதான்.

வட இந்தியாவில் ஒட்டுக்கு வேர்ச்செடியாக வைப்பதே பல இடங்களில் எட்வர்டைத்தான். அங்கிருந்து வந்த ஒட்டுச் செடி மேலே பட்டுப்போய், கீழிருந்து மணக்க மணக்க ரோஸ் பூ வந்தால் கிள்ளாமல் கும்பிடுங்கள்.

கிணற்று நீர்தான் விடுகிறோம். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இரும்புச் சத்துக்கு ஆணிகூடப் புதைத்துப் பார்த்தோம். – யாழ்ப்பாணம்

நோயைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், மருந்துதான் பிழை. உங்கள் ஊர் சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் இழுக்க முடியாத வடிவில் பூட்டிக் கிடக்கும். ஆணி போட்டால் பூட்டுக்குள் இன்னொரு இரும்பு, அவ்வளவே.

உடனடிக்கு: 1 லிட்டர் நீரில் 5 கிராம் இரும்பு சல்பேட், கொஞ்சம் தேசிக்காய் (எலுமிச்சை) சாறு. வெயில் தணிந்த பின் இலை நனையத் தெளியுங்கள், பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கலந்ததை வைத்திருக்க வேண்டாம், அன்றே தீர்த்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வு மழைநீர்தான். மாரி காலத்தில் கூரை நீரைப் பீப்பாயில் பிடித்து ரோஜாவுக்கென்று ஒதுக்குங்கள். அடியில் மக்கிய இலையும் மாட்டெருவும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது போடுங்கள். இளம் இலை நன்றாக இருந்து கீழ் இலை மட்டும் மஞ்சளானால் அது வேறு கதை. தழைச்சத்துக் குறைவு, இல்லையென்றால் தண்ணீர் அதிகம்.

இலையின் ஓரத்தை யாரோ கத்தரிக்கோலால் அரைவட்டமாக வெட்டின மாதிரி இருக்கிறது. என்ன மருந்து அடிக்க? – தஞ்சாவூர்

ஒன்றும் அடிக்காதீர்கள். இலைவெட்டித் தேனீ. கூட்டில் முட்டைக்கு உறை தைக்க இலைத் துணி எடுத்துப் போகிறது. செடிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

டீத்தூள், முட்டை ஓடு, வெங்காயத் தோல் எல்லாம் போடுகிறேன். மாவுப்பூச்சி மட்டும் போகவில்லை. – சேலம்

டீத்தூளைக் கழுவாமல் போடுகிறீர்களா? பாலும் சர்க்கரையும் எறும்பைக் கூப்பிடும். எறும்பு மாவுப்பூச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு வராத குறையாகக் காவல் காக்கும், அதன் இனிப்புக் கழிவுக்காக. முட்டை ஓடு மக்க வருடக்கணக்கு ஆகும். உப்பு நீர் ஊற்றும் ஊர்களில் சுண்ணாம்புக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை. இதையெல்லாம் உரக்குழியில் போட்டு மக்க வைத்த பிறகு கொண்டு வாருங்கள். மாவுப்பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒருமுறை, மாலையில்.

மாடியில் கறுப்பு குரோ பேக்கில் வைத்திருக்கிறேன். சித்திரையில் பூ பட்டாணி அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. – வேலூர்

வேலூர் வெயிலில் நாமே சிறுத்துவிடுகிறோம்! கறுப்புப் பையின் ஓரத்தில் இருக்கும் வேர் வேகிறது. 18 அங்குலத்துக்குக் குறையாத மண் தொட்டிக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் பையைச் சுற்றிச் சாக்குக் கட்டி, மேல்மண்ணில் தேங்காய் மட்டையோ சருகோ பரப்புங்கள். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்து, மதியத்துக்கு மேல் சுவர் நிழல் விழும் இடம் கிடைத்தால் அதுவே போதும். வெறும் தேங்காய் நாரில் நடாதீர்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, தொழு உரம் ஒன்று. சித்திரை, வைகாசியில் உரமும் வேண்டாம், கவாத்தும் வேண்டாம். வரும் மொட்டைக் கிள்ளிவிட்டுச் செடியை ஓய்வில் விடுங்கள், ஆடிக்குப் பிறகு பாருங்கள்.

ஆன்லைனில் நூறு இதழ் இங்கிலீஷ் ரோஜா விதை கிடைக்கிறது. வாங்கலாமா? – நாகர்கோவில்

விதையா? வேண்டவே வேண்டாம். பெயருள்ள ரோஜா எதுவும் விதையில் தாயைப் போல வராது. பாக்கெட்டில் நீல ரோஜா படம் வேறு போட்டிருப்பார்கள்.

செடியாகவே கிடைத்தாலும் யோசியுங்கள். இங்கிலீஷ் ரோஜாக்களை உருவாக்கிய டேவிட் ஆஸ்டின் 1961-ல் கொண்டு வந்த முதல் ரோஜா ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’ வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். காலிகா, ஆல்பா, சென்டிஃபோலியா என்று ஐரோப்பாவின் பழைய இனங்களும் அப்படியே. அவற்றுக்கு ஒரு நல்ல குளிர்காலம் வேண்டும். நாஞ்சில் நாட்டில் இலையாக வளர்ந்து உங்கள் பொறுமையைச் சோதிக்கும். சீனக் கலப்புள்ள பூர்போன், டீ, நுவாசெட் இனங்களைத் தேடுங்கள். 1843-ல் வந்த ‘சுவனீர் த லா மல்மேசோன்’ பூர்போன் இனம், வெயில் தாங்கும். ஆனால் தொடர் மழையில் மொட்டு விரியாமல் உருண்டையாகவே அழுகும், உங்கள் ஊர் இரண்டு மழைக்கும் அது கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம்.

குளிர் நாட்டு ரோஜாவை வெயிலில் வாட்டுவதைவிட வெயிலுக்கென்றே ரோஜா உண்டாக்குவது மேல் என்று கொடைக்கானலில் இருந்துகொண்டு பல வருடம் உழைத்தவர் விரு வீரராகவன். கிழக்கிந்தியாவின் ஈர நிலத்தில் வளரும் காட்டு ரோஜாவையும், மணிப்பூர் மலைகளின் ராட்சதக் கொடி ரோஜாவையும் கலப்புக்கு எடுத்தார். அவருடைய ரகம் எங்காவது கண்ணில் பட்டால் விலை பேசாமல் வாங்குங்கள்.

தினம் பத்துப் பூ கிடைக்கிறது. குல்கந்து எப்படிப் போடுவது? – பொள்ளாச்சி

மருந்து அடித்த செடியின் பூவோ கடைப் பூவோ கூடாது. புதிதாக வாங்கிய செடி என்றால் முதல் சில மாதப் பூவைச் சாமிக்கு வையுங்கள். காலையில் பறித்த பூவில் இதழை மட்டும் உதிர்த்து, அலசி, நிழலில் துணி மேல் ஈரம் போக உலர்த்துங்கள். இதழின் எடைக்கு இரண்டு மடங்கு கற்கண்டுப் பொடி. கண்ணாடி ஜாடியில் ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு கற்கண்டு என்று அழுத்தி, பத்துப் பூவானாலும் தினம் சேர்த்துக்கொண்டே வரலாம், மேல் அடுக்கு மட்டும் எப்போதும் கற்கண்டாக இருக்கட்டும். ஜாடி நிறைந்ததும் வாயில் துணி கட்டி மூன்று, நான்கு வாரம் வெயிலில் வைத்து எடுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் கிளற வேண்டும், மரக்கரண்டி நல்லது, ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகவே கூடாது.