எனக்குப் பிடித்த பிடிகள்: எம்எம்ஏ கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. ஜூடோவில் தொடங்கி, தரையில் பிடித்துப் பூட்டும் ஜியு-ஜிட்சுவுக்குத் தாவி, அமெச்சூர் எம்எம்ஏவில் (குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை) ஏழு முறை கேஜுக்குள், அதாவது கம்பிக் கூண்டுக்குள், போனவன். நான்கு வெற்றி, மூன்று தோல்வி. தோற்ற மூன்றில் இரண்டு, கழுத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டவை. இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை, அதனால் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். குத்து, உதை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். அதில் நான் சுமார்தான். தரையில் நடப்பதைப் பற்றித்தான் தைரியமாகப் பேச முடியும்.

வயது 34. நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் வேலை. எந்தச் சண்டைக் கலையும் பழகியதில்லை. நேரே எம்எம்ஏ வகுப்பில் சேரலாமா?

சேரலாம். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் ஆறு மாதம் கிராப்ளிங் (அடிக்காமல், பிடித்து மடக்குவது) மட்டும் பழகுவேன். கிராப்ளிங்கில் டேப் என்று ஒன்று இருக்கிறது. மாட்டிக்கொண்டால் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டுங்கள், விட்டுவிடுவார். கை குலுக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். ஒரே வகுப்பில் ஐந்து முறை தோற்றுவிட்டு மறுநாள் காலை வேலைக்கும் போகலாம். தாடையில் வாங்கும் குத்துக்கு அந்த வசதி கிடையாது.

வாரம் மூன்று நாள் போதும். முதல் மாதம் பயங்கரமாக மூச்சு வாங்கும். ஸ்டாமினா குறைவு என்பது பாதிக் காரணம்தான். பயத்தில் உடம்பு முழுவதையும் இறுக்கி, மூச்சையும் அடக்கி வைத்திருப்பீர்கள். கீழே மாட்டினால் முதலில் மூச்சை வெளியே விடுங்கள். முதல் மாதத்துக்கு அந்த ஒரு டெக்னிக் போதும்.

அண்ணா, உங்களுக்கு ரொம்பப் பிடித்த சப்மிஷன் (டேப் செய்யவைக்கும் பிடி) எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

கிமுரா. யோசிக்கவே வேண்டாம்.

எதிராளியின் கையை மடக்கி முதுகுப் பக்கம் திருகும் பூட்டு இது. ஜூடோவில் இதற்கு உதே-கராமி என்று பெயர். 1951-இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் ஹீலியோ கிரேசியை இந்தப் பூட்டில் மாட்டினார். கை உடைந்தும் ஹீலியோ டேப் செய்யவில்லை. அவர் தரப்பில்தான் சண்டையை நிறுத்தினார்கள். தங்களை வென்றவரின் பெயரையே அந்தப் பூட்டுக்குச் சூட்டிவிட்டார்கள் பிரேசில்காரர்கள். தோல்வியை இப்படி நினைவில் வைத்துக்கொண்டவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, ஏன் பிடிக்கும்? நான் அதை முடிப்பதற்கான பூட்டாகப் பார்ப்பதைவிட, ஒரு கைப்பிடியாகத்தான் பார்க்கிறேன். கதவுக்குக் கைப்பிடி போல, அதைப் பிடித்துக்கொண்டால் எதிராளியை எந்தப் பக்கமும் திருப்பலாம். ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடியுங்கள், கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு சேர்த்தே வையுங்கள். மறு கையை அவர் மேற்கையைச் சுற்றிக் கொண்டுவந்து உங்கள் மணிக்கட்டையே பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது அவர் முழங்கை உங்கள் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு உள்ளங்கை நுழையும் இடம் இருந்தாலும் அது பூட்டே இல்லை, வெறும் கைகலப்பு.

புதியவர்கள் செய்யும் தவறு, கையால் முறுக்குவது. பலசாலியின் கையை உங்கள் கையால் முறுக்கவே முடியாது. உங்கள் கைகளை அப்படியே வைத்துக்கொண்டு நெஞ்சைத் திருப்புங்கள். அவர் உள்ளங்கை அவர் முதுகுப் பக்கம் போகும், தோள்பட்டை தானாகப் பேசும்.

அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் தன் ஷார்ட்ஸையோ தொடையையோ இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அங்கேதான் எனக்கு உற்சாகமே பிறக்கும். ஒரு கை கால்சட்டையோடு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது அல்லவா? அந்தப் பிடியை விடாமலே முதுகுக்குப் போகலாம், புரட்டி மேலே வரலாம், நேராக இழுத்து ஆர்ம்பாருக்கு (கையை நீட்டி முழங்கையைப் பூட்டுவது) மாறலாம். நின்றபடி அவர் உங்கள் முதுகுப் பக்கம் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாலும் இந்தப் பிடி கிடைக்கும். ஜப்பானிய எம்எம்ஏ வீரர் சகுராபா 2000-இல் ரென்ஸோ கிரேசியின் முழங்கையைப் பிசகவைத்தது அப்படித்தான்.

ரியர் நேக்கட் சோக் (பின்னாலிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் பிடி) போட்டால் யாரும் டேப் செய்வதில்லை. என் கைதான் வலிக்கிறது. பலம் போதவில்லையா?

பலம் போதும். எங்கே அழுத்துகிறீர்கள் என்பதுதான் விஷயம். நீங்கள் தாடையை நசுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது வலிக்கும், ஆனால் பிடிவாதக்காரர் தாங்கிக்கொள்வார். நாம் தேடுவது கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள். இரண்டும் சரியாக அடைபட்டால் 10 நொடி அளவில் ஆள் மயங்கிவிடுவார். அவருக்கு மூச்சுத் திணறி இருமல் வந்தால் உங்கள் கை குரல்வளையில் இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் முழங்கை அவர் முகவாய்க்கு நேர் கீழே இருக்கட்டும். மேற்கை கழுத்தின் ஒரு பக்கம், முன்கை மறுபக்கம். அந்தக் கை உங்கள் மறு கையின் புஜத்தில் போய் உட்காரும். மறு கை அவர் பிடரிக்குப் பின்னால், உள்ளங்கையைக் காட்டாமல், உங்கள் தலைமுடியை வாரப்போவது போல நுழைய வேண்டும். காட்டினால் அந்தக் கையைத்தான் முதலில் பிடுங்குவார். அப்புறம் கையால் இழுக்காதீர்கள். இரண்டு முழங்கைகளையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கி, நெஞ்சை நிறைய மூச்சிழுத்து விரியுங்கள்.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. முதுகைப் பிடித்ததும் கழுத்துக்குப் பறப்பதுதான் பலர் செய்வது. முதலில் அவர் கையோடு சண்டை போடுங்கள். அவருடைய ஒரு கையைக் கீழே இழுத்து, உங்கள் காலால் மடக்கி வைத்துவிட்டால், மீதி ஒரு கையால் உங்கள் இரண்டு கைகளைத் தடுக்க முடியாது. கால்களை அவர் வயிற்றுக்கு முன் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போடாதீர்கள். கணுக்காலைப் பூட்டிவிடுவார். என்னைப் பூட்டியிருக்கிறார்கள், பார்வையாளர்கள் முன்னால்.

கீழே படுத்து கார்டில் (எதிராளியைக் கால்களுக்கு நடுவில் வைத்து) சண்டை போடுவது இன்றைய எம்எம்ஏவில் செல்லுபடியாகுமா? ஜிம்மில் தினமும் இதே வாக்குவாதம்.

1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி எம்எம்ஏ போட்டியில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி, சுமார் 80 கிலோ உடம்போடு ஒரே இரவில் மூன்று பேரை டேப் செய்யவைத்தார். அன்று எதிரில் நின்றவர்களில் பெரும்பாலோருக்குத் தரையில் என்ன செய்வதென்றே தெரியாது. இன்று குத்துச்சண்டைக்காரருக்கும் ட்ரையாங்கிள் (கால்களால் கழுத்தை நெரிக்கும் பிடி) வருவது தெரியும், தலையை எங்கே வைப்பது என்றும் தெரியும். போதாக்குறைக்கு, கீழே இருப்பவர் மேல் முழங்கை மழை. மதிப்பெண் போடும் நடுவர்களும் மேலே இருப்பவருக்குத்தான் பெரும்பாலும் ரவுண்டைக் கொடுப்பார்கள்.

அதற்காகச் செத்துப்போன கலை என்று சொல்லமாட்டேன். 2010 ஆகஸ்டில் யுஎஃப்சி சாம்பியன் ஆண்டர்சன் சில்வா நான்கு ரவுண்டுக்கு மேல் சேல் சோனன் என்பவரிடம் அடி வாங்கிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது ரவுண்டில் கீழே இருந்தபடியே ட்ரையாங்கிளுக்குள் மாட்டி, கையையும் இழுத்து முடித்துவிட்டார். எல்லா ஸ்கோர் அட்டையும் எதிராக இருந்த சண்டை. 2020-இல் இன்னொரு சாம்பியன் கபீப் தன் கடைசிச் சண்டையில் கெய்ட்ஜியை ட்ரையாங்கிளில் தூங்கவைத்தார். ஆனால் கவனியுங்கள், அவர் மவுண்டில் மேலே இருந்தபோதே அதைத் தொடங்கிவிட்டார். கீழே வந்தது அவராக விரும்பி.

என் கட்சி இதுதான்: கார்டை எழுந்து நிற்பதற்காகப் பழகுங்கள். வழியில் பூட்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெண், 52 கிலோ. எங்கள் ஜிம்மில் என் எடையில் யாருமில்லை, எல்லோரும் 75, 80 கிலோ. கில்லட்டின் (முன்னாலிருந்து கையால் கழுத்தைச் சுற்றி நெரிக்கும் பிடி) கற்றுக்கொடுத்தார்கள், என் கை சுற்றி வரவே மாட்டேன் என்கிறது.

கில்லட்டினை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பெரிய கழுத்தும் குட்டைக் கையும் சேர்ந்தால் அது உங்களுக்குத்தான் தண்டனை. உங்கள் எடைக்கு இரண்டு விஷயங்களைச் சொல்வேன். ஒன்று, முதுகு. முதுகுக்குப் போய்விட்டால் அவர் எடை உங்கள்மேல் விழாது. இரண்டு, ஆர்ம்பார். அதில் உங்கள் இடுப்பும் இரண்டு கால்களும் அவருடைய ஒற்றை முழங்கையோடு மோதுகின்றன. எடை வித்தியாசம் அங்கே பாதியாகக் குறைந்துவிடும். ரோண்டா ரௌஸி ஜூடோவில் 2008 ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியவர். எம்எம்ஏவுக்கு வந்து வரிசையாக வென்றதும் பெரும்பாலும் அந்த ஒரே பூட்டால்தான்.

கீழே மாட்டும்போது தள்ளாதீர்கள். முன்கையை அவர் கழுத்துக்கும் இடுப்புக்கும் குறுக்கே எலும்பாக நிறுத்திவிட்டு, உங்கள் இடுப்பை நகர்த்துங்கள். அவர் அங்கேயே இருப்பார், நீங்கள் வெளியே இருப்பீர்கள்.

இன்னொன்று. உங்கள்மேல் மொத்த எடையையும் போட்டு விளையாடும் ஆளோடு உருள மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஹீல் ஹுக் (குதிகாலைத் திருப்பும் கால் பூட்டு) கற்றுக்கொள்ளத் துடிக்கிறேன். ஜிம்மில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. கோச் வேண்டாம் என்கிறார்.

கோச் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. என் முழங்கால் கதையைச் சொல்கிறேன்.

ஆர்ம்பாரில் வலி முதலில் வரும், சேதம் பிறகு வரும். நடுவில் டேப் செய்ய நேரம் இருக்கும். ஹீல் ஹுக்கில் குதிகாலைத் திருப்பினாலும் சுளுக்குவது முழங்கால் தசைநார்கள். அவை கிழியும்வரை பெரிதாக வலிக்காது. அன்று எனக்கும் வலிக்கவில்லை. கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். எதிரில் இருந்தவன் என் நண்பன், மெதுவாகத்தான் திருப்பினான். அவன் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நானே உருண்டேன். ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம், ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது மாதம் மேட் பக்கம் போகவில்லை.

ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டிகளில் அங்கி இல்லாத பிரிவில், அதுவும் பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும்தான் இதை அனுமதிக்கிறார்கள். நீங்கள் இப்போது கற்க வேண்டியது தப்பிப்பது: குதிகாலை எப்படி ஒளிப்பது, எந்தப் பக்கம் உருள்வது, எப்போது டேப் செய்வது. கால் பூட்டு விழுந்ததுமே டேப். வலிக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வாரம் எத்தனை நாள்? எங்கள் ஆட்கள் தினமும் முழு வேகத்தில் அடிக்கிறார்கள்.

ஜிம்மை மாற்றுங்கள். தலையில் வாங்கும் அடியை மூளை கணக்கு வைத்துக்கொள்ளும். கிராப்ளிங்கை வாரம் மூன்று நாள்கூட வேகமாகச் செய்யலாம். குத்து, உதையோடு முழு வேகம் என்றால், சண்டை தேதி குறித்தவருக்கு வாரம் ஒரு நாளே தாராளம். மற்ற நாட்களில் தொட்டு விளையாடுங்கள். பயிற்சியில் தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். "பரவாயில்லை, இன்னொரு ரவுண்ட்" என்பவர் உங்கள் நண்பர் இல்லை.

காது வீங்கியிருக்கிறது. அப்படியே விட்டால் கெத்தாக இருக்குமா?

கொஞ்ச நாள் கெத்து, அப்புறம் இயர்போன் நுழையாது. ரத்தம் கட்டியிருக்கும்போதே மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட்டால் காது பழைய வடிவத்தில் நிற்கும். உறைந்து கெட்டியாகிவிட்டால் அதுதான் காலிஃபிளவர் காது.

கையில் வட்டமாக, அரிப்போடு ஒரு தடிப்பு. பயிற்சியைத் தொடரலாமா?

படர்தாமரையாக இருக்கலாம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மேட்டில் கால் வைக்காதீர்கள். மூடி மறைத்துக்கொண்டு வந்தால் ஒரே வாரத்தில் ஜிம் முழுவதும் பரப்பிவிடுவீர்கள். பயிற்சி முடிந்ததும் குளிப்பது, ஒரு முறை போட்ட ரேஷ்கார்டை (உடம்போடு ஒட்டும் பயிற்சிச் சட்டை) துவைக்காமல் மறுபடி போடாமல் இருப்பது, இவ்வளவுதான் தடுப்பு.

முதல் அமெச்சூர் சண்டை. 74 கிலோ இருக்கிறேன், 66-க்கு இறங்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம். முதல் சண்டையில் பதற்றமே உங்கள் பாதி சக்தியைக் குடித்துவிடும். அதோடு உடம்பில் தண்ணீரும் இல்லாமல் ஏன் போகிறீர்கள்? 70 கிலோ பிரிவில் ஆடுங்கள்.

டேக்டவுன் (எதிராளியைத் தரையில் வீழ்த்துவது) எதில் தொடங்கலாம்? டபுள் லெக் (இரண்டு கால்களையும் பிடித்து வீழ்த்துவது) போனால் ஒவ்வொரு முறையும் கில்லட்டினில் மாட்டுகிறேன்.

தலை தொங்குகிறது. குனிந்து போகிறீர்கள், தரையைப் பார்க்கிறீர்கள். முழங்காலை மடக்கி இறங்குங்கள், முதுகு நேராக, கண் எதிரே.

தொடக்கத்துக்கு நான் ஒரே காலைப் பிடிக்கும் சிங்கிள் லெக்கைத்தான் சொல்வேன். தலை உள்பக்கம், உங்கள் நெற்றிப்பொட்டு அவர் நெஞ்சில் ஊன்றி இருக்கட்டும். அந்தத் தலைதான் உங்கள் மூன்றாவது கை, அதை எடுத்தால் எல்லாம் போச்சு. கேஜ் இருக்கிறது என்றால் இன்னும் வசதி. அவரைக் கம்பியோடு ஒட்டவைத்து, கைகளை அவர் தொடைக்குப் பின்னால் கோத்துவிட்டு, கம்பியிலிருந்து விலகி ஒரு அடி பின்னால் எடுத்து வையுங்கள். அவர் சாய்ந்திருந்த சுவர் போய்விடும், உட்கார்ந்துவிடுவார். முதல் முயற்சியில் விழவில்லை என்றால் விட்டுவிட்டு எழாதீர்கள். டபுளில் தொடங்கி சிங்கிளுக்கு, அங்கிருந்து இடுப்புக்கு, அங்கிருந்து முதுகுக்கு என்று ஒட்டிக்கொண்டே போங்கள்.

கடைசிக் கேள்வி: நீங்கள் கடைசியாக டேப் செய்தது எப்போது?

நேற்று. இரண்டு முறை. ஒன்று, என்னைவிட 20 கிலோ அதிகமுள்ள ஆள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததும் மூச்சு வராமல். இன்னொன்று கில்லட்டின். சேர்ந்து எட்டு மாதமே ஆன பையன் போட்டான், மேலே நான் சொன்ன அதே தொங்கும் தலைக்காக. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறானாம்.