வாசகர் கேள்வி: ஓரியண்டல் வங்கி முறிந்த வருஷம்

கேள்வி: கோப்பிக் காலத்தில் கங்காணியாக இருந்த எங்கள் பூட்டனார் "ஓரியண்டல் வங்கி முறிந்த வருஷம்" என்று காலம் சொல்வாராம். இப்போதுள்ள இலங்கை வங்கியின் பழைய பெயரா அது? ஏன் முறிந்தது?
(வாசகி ஒருவர், மாத்தளை)

பதில்: அந்த வருஷம் 1884. இரண்டும் வேறு வேறு வங்கிகள். இன்றைய இலங்கை வங்கி 1939இல் தொடங்கியது. ஆனால் 1841இலும் 'பாங்க் ஒஃப் சிலோன்' என்று ஒன்றை வெள்ளைக்காரர்கள் தொடங்கினார்கள். சில வருஷங்களில் ஓரியண்டல் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. குழப்பம் அங்கேதான்.

ஓரியண்டல் சின்ன வங்கி இல்லை. 1842இல் பம்பாயில் பிறந்து, 1845இல் லண்டனுக்குத் தலைமையகத்தை மாற்றியது. ஹொங்கொங்கின் முதல் வங்கியும் அதுதான். ஜப்பான் தன் முதல் ரயில் பாதைக்காக 1870இல் லண்டனில் எடுத்த கடனும் அதன் கைவழியாகத்தான் போனது. அப்படிப்பட்ட வங்கியைச் சாய்த்ததில் நம் மலைநாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

1869இல் மடுல்சீமைப் பக்கம் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் வந்து, கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி படியத் தொடங்கியது. இலை உதிர்ந்தது, காய்ப்புக் குறைந்தது. ஆனால் அந்தச் சமயம் பார்த்து கோப்பி விலை ஏறியது. ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தாலும் கையில் காசு வந்ததால், துரைமார் இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பியை நட்டார்கள். வங்கியும் தோட்டத்தை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்துக்கொண்டே இருந்தது. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த இடத்தில்தான் அது செத்தது. மற்றதெல்லாம் நாள் கடத்தியதுதான். 1880 வாக்கில் விலையும் இறங்க, கடன் திரும்பவில்லை. வாங்க ஆளில்லாத தோட்டங்கள் வங்கியின் தலையில் விழுந்தன. மொரீஷியஸில் கரும்புக்குக் கொடுத்த கடனும் முடங்கிக் கிடந்தது. போதாததற்கு வெள்ளி விலை சரிந்தது. ரூபாய் வெள்ளிக்காசு, பவுண் தங்கத்தோடு கட்டப்பட்டது என்பதால், ரூபாயில் இருந்த சொத்து பவுணில் சுருங்கியது. 1884 மே 3ஆம் திகதி லண்டனில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இங்கே நிலைமை இன்னும் மோசம். அப்போது அரசாங்க நோட்டு கிடையாது. நாட்டில் புழங்கிய நோட்டு வங்கிகளே அச்சடித்தது, அதிலும் ஓரியண்டலின் நோட்டு ஏராளம். நோட்டு என்றால், கொண்டுவந்தால் வெள்ளிக்காசு தருவோம் என்ற வாக்கு. வாக்குக் கொடுத்தவனே இல்லையென்றால் கடைக்காரன் அரிசி அளப்பானா? ஆளுநர் ஆர்தர் கோர்டன், லண்டன் அனுமதிக்குக் காத்திராமல், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். துணிச்சலான காரியம், நான் அவரை மனதாரப் பாராட்டுகிறேன். அதே வருஷம் சட்டம் வந்தது. 1885 முதல் அரசாங்கமே நோட்டு வெளியிட்டது.

கேள்வி: அப்படியானால் யாருக்கும் நஷ்டமில்லையா?
(வாசகர், வவுனியா)

பதில்: நோட்டு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். வைப்பிலிட்டவர்களின் பணத்துக்கு அரசாங்கம் அப்படிப் பொறுப்பு ஏற்கவில்லை. வங்கியின் சொத்தை விற்றுக் கணக்குத் தீர்க்கும்வரை காத்திருந்தார்கள். பங்குதாரருக்கு நஷ்டம். எனக்கு மனம் பொறுக்காதது தோட்டத் தொழிலாளர் கதைதான். முடங்கிய தோட்டங்களில் வேலை செய்த சம்பளம் நிலுவையிலேயே நின்றது. அதற்கு எந்த ஆளுநரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. அப்புறம், 'நியூ ஓரியண்டல்' என்று அதே 1884இல் மறுபடி ஒரு வங்கி தொடங்கினார்கள். அதுவும் 1892இல் மூடிவிட்டது.

கேள்வி: நம்மவர்கள் இந்த ஆங்கில வங்கிகளில் கடன் வாங்க முடிந்ததா?
(மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: நேரே போய்க் கேட்டு வாங்குவது அரிது. அந்த வங்கிகள் துரைமாருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கும்தான். கொழும்புச் செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வங்கியில் வாங்கி, தங்கள் முதலையும் சேர்த்து, கடைக்காரருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் கூடுதல் வட்டிக்குக் கொடுத்தார்கள். 1925இல் சில செட்டியார் கடைகள் முறிந்ததும் ஆங்கில வங்கிகள் அந்தக் கடனையும் இறுக்கிவிட்டன. ஊர்க் கடைக்காரரின் பாடு அதற்குப் பிறகு இன்னும் கஷ்டமாயிற்று.